நம் வீட்டுப் படப்பெட்டிக்கு ஒரு செக்ரோல்



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று நாம் பேச இருப்பது கறிக்கு உதவும் ஓர் ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி. வீட்டில் சேர்ந்து கிடக்கும் திரைப்பட நாடாக்களையும் வட்டுகளையும் கணினியில் பட்டியலிட்டு, வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

"படம் பார்ப்பதற்குப் பட்டியலா?" என்று நீங்கள் கேட்கலாம். தொடக்கத்தில் நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

எங்களுடையது தாப்பா வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் வாழ்ந்த குடும்பம். பால்மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நட்டபோது, மற்றவர்களைப் போல நாங்களும் தோட்டத்தை விட்டு, தாப்பா நகரை ஒட்டிய தாமான் ஒன்றுக்குக் குடிவந்தோம். பாத்திரம் பண்டம், சாமி படங்கள், தையல் இயந்திரம் ஆகியவற்றோடு அட்டைப் பெட்டிகள் நிறைய வீடியோ நாடாக்களும் லாரியில் ஏறி வந்தன. பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது வாங்கி வந்த வட்டுகளும் அவற்றோடு சேர்ந்தன.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்களும் வண்டியில் ஏறி ஊர் ஊராக வந்தன. அந்தப் படங்கள் வந்தன, போயின. நம் கையில் தங்கவில்லை. ஜப்பானில் 1976ஆம் ஆண்டில் வெளிவந்த வி.எச்.எஸ். நாடா நம் ஊருக்கும் வந்த பிறகுதான், படம் என்பது வீட்டில் வாங்கி வைக்கும் பொருளாயிற்று. அதன்பின் விசிடி வந்தது, டிவிடி வந்தது. வாங்கினோம், அடுக்கினோம். எங்கே வைத்தோம் என்பதை மறந்தோம்.

ஒரு தீபாவளி விடுமுறையில் அம்மா 'தில்லானா மோகனாம்பாள்' பார்க்க ஆசைப்பட்டார். ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால், நீளமான அந்தப் படம் மூன்று வட்டுகளாக வந்திருந்தது. தேடியதில் முதல் வட்டும் மூன்றாம் வட்டும் கிடைத்தன, நடுவட்டு கிடைக்கவில்லை. நான்கு நாள் தேடினோம். "போட்டி தொடங்கியதும் தெரியும், கல்யாணம் முடிந்ததும் தெரியும், நடுவில் நடந்தது மட்டும் தெரியாது" என்று அம்மா சிரித்தார். அந்த வட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரவல் கொடுத்ததே எங்கள் நினைவில் இல்லை.

அன்றுதான் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி எண்ணினோம். நாடா 61, விசிடி படங்கள் 118, டிவிடி 35. ஆக 214. இத்தனையும் நினைவில் நிற்கும் என்று எதிர்பார்த்ததே தவறு.

நேயர்களே, பட்டியல் என்பது நமக்குப் புதிய பொருள் அன்று. தோட்டத்தில் கிராணியார் கையில் இருந்த செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர். பெயருக்கு நேரே அந்த மாதம் வேலைக்கு வந்த நாட்கள். ஓர் ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு பத்தி. கணினியில் தரவுத்தளம் என்று இன்று சொல்கிறார்களே, அதன் அடிப்படை அமைப்பு இதுதான். வரிசையைத் தமிழ்க் கணினிக்காரர்கள் 'நிரை' என்கிறார்கள். நிரை பிடித்து மரம் வெட்டிய நமக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டுமோ?

இந்த அட்டவணை முறையை 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையின் மூலம் உலகுக்கு விளக்கியவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர். தரவு எந்த மூலையில் கிடக்கிறது என்பதைப் பயனாளர் அறிந்திருக்க வேண்டியதில்லை, தமக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னால் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். பின்னர் வீட்டுக் கணினிகளில் பரவலாக வழங்கிய 'டிபேஸ்' என்ற மென்பொருளின் கதையோ சுவையானது. அமெரிக்காவில் விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்த வேய்ன் ரேட்லிஃப் என்பவர், கால்பந்து ஆட்ட முடிவுகளை ஊகிக்கும் அலுவலகப் பந்தயத்தில் வெல்ல வேண்டும் என்று 1970களின் இறுதியில் எழுதத் தொடங்கியதே அது. ஆகவே விளையாட்டுக்கும் படத்துக்கும் தரவுத்தளம் வைப்பதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருநூறு முந்நூறு படங்களுக்கு அதிலுள்ள அட்டவணைத் தாளே போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணைச் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டுங்கள். ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள். ஒரு வட்டு உடைந்து போனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். பிறகு கணினியில் பத்திகளைப் பிரியுங்கள். எண், படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, இயக்குநர், இசையமைப்பாளர், எத்தனை நிமிடம், நாடாவா வட்டா, எத்தனை வட்டு, எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் இரவலில் உள்ளது, குறிப்பு. இவ்வளவு போதும்.

ஆண்டு எதற்கு என்று எண்ண வேண்டாம். 'கர்ணன்' என்றால் எந்தக் கர்ணன்? 1964இல் பந்துலு இயக்கத்தில் சிவாஜி நடித்ததா, 2021இல் மாரி செல்வராஜ் இயக்கத்தில் தனுஷ் நடித்ததா? 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் உண்டு, 2010இலும் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் பாட்டிக்கு ஒரு படமும் பேரனுக்கு ஒரு படமும் மாறிப் போகும்.

நடிகர்களின் பெயர்களை எல்லாம் ஒரே கட்டத்துக்குள் திணித்ததே நாங்கள் செய்த முதல் தவறு. 'பாசமலர்' படத்துக்கு நேரே சிவாஜி கணேசன், சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று ஒரே மூச்சில் எழுதினோம். பிறகு 'கணேசன்' என்று தேடியபோது இரண்டு கணேசன்களின் படங்களும் கலந்து வந்தன. 'சிவாஜி' என்று மொத்தப் பட்டியலிலும் தேடினால், 2007இல் வந்த ரஜினி படமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அந்தப் படத்தின் பெயரே 'சிவாஜி'. எனவே எந்தப் பத்தியில் தேடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். நடிகர்களுக்கென்று தனி அட்டவணை வைப்பதே சரியான வழி. ஓர் அட்டவணையில் படங்கள், இன்னொன்றில் கலைஞர்கள், மூன்றாவதில் எந்தப் பட எண்ணில் எந்தக் கலைஞர் என்ற இணைப்பு மட்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கே தரவுத்தள மென்பொருள் தேவைப்படுகிறது.

இரண்டாவது தவறு, எழுத்து முறையில். அண்ணன் 'எம்.ஜி.ஆர்.' என்று புள்ளி வைத்து எழுதினார். தங்கச்சி புள்ளியில்லாமல் எழுதினாள். சித்தப்பாவோ பயபக்தியோடு 'மக்கள் திலகம்' என்று எழுதி வைத்தார். மூவரும் குறிப்பது ஒருவரைத்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது, அதற்கு அவர்கள் மூன்று பேர். புள்ளியோடு தேடினால் அண்ணன் எழுதிய படங்கள் மட்டுமே வந்தன.

இதைச் சிறிய விஷயம் என்று நம் சமூகம் நினைக்க முடியாது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் பதிவானதால் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! இந்திய வம்சாவளியினரின் பத்திரச் சிக்கல்களைத் தீர்க்க 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. ஒரு பெயரை ஒரே விதமாக எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகள் படப் பட்டியலில் கற்றுக்கொண்டால், நாளை பாரம் நிரப்பும்போதும் அது கை கொடுக்கும். மென்பொருளில் இதற்கு வசதி உண்டு. பெயர்களை ஒரு முறை வரிசையாக எழுதி வைத்துவிட்டால், பிறகு தட்டச்சு செய்யாமல் அந்த வரிசையிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

தமிழில் எழுதும்போது யூனிகோடு எழுத்தையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கணினியில் தமிழ் எழுத வழிசெய்த 'முரசு' மென்பொருளை 1980களில் உருவாக்கியவர் நம் மலேசியரான முத்து நெடுமாறன் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு நினைத்துக்கொள்வோம்.

பட்டியல் தயார். இனி வடிகட்டுவதைப் பார்ப்போம். ஸ்டோரில் பாலைச் சல்லடையில் ஊற்றுவார்கள். பட்டைத்தூளும் சருகும் மேலே நிற்கும். பால் கீழே இறங்கும். கணினியும் அப்படித்தான் வடிகட்டுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்டோரில் மேலே நின்றதைக் கொட்டிவிடுவோம். கணினியில் எதுவும் கொட்டிப்போவதில்லை, மறைந்துதான் நிற்கிறது. வடிகட்டியை எடுத்ததும் 214 படங்களும் திரும்ப வந்துவிடும். முதல் நாள் 33 படம் மட்டும் திரையில் தெரிந்தபோது, மற்றவை அழிந்துவிட்டனவோ என்று நாங்கள் பதறினோம். நீங்கள் பதற வேண்டாம்.

இயக்குநர் பீம்சிங், ஆண்டு 1961 என்று கேட்டோம். 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்', 'பாசமலர்' என மூன்று படங்கள் வந்து நின்றன. ஒரே ஆண்டில் ஒரே இயக்குநர் மூன்று பெரும் படங்களைத் தந்திருக்கிறார் என்பதை அம்மாவே அன்றுதான் கவனித்தார். மூன்றுக்கும் இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி. படங்களைப் பல முறை பார்த்தும் தெரியாத செய்தி, அட்டவணையைப் பார்த்ததும் தெரிந்தது.

அடுத்து அம்மா, "எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் எடுத்துக் கொடு" என்றார். தங்கச்சி இரண்டு பெயருக்கும் நடுவே 'மற்றும்' போட்டாள். ஒன்றுமே வரவில்லை. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "'கூண்டுக்கிளி' இருந்தால்தானே வரும்!" என்றார். உண்மைதான். இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம், 1954இல் ராமண்ணா இயக்கிய 'கூண்டுக்கிளி'. அது எங்களிடம் இல்லை. 'மற்றும்' என்றால், இரண்டு நிபந்தனைகளும் ஒரே படத்தில் பொருந்த வேண்டும் என்று கணினி புரிந்துகொள்ளும். அம்மா கேட்டது 'அல்லது'. பேச்சில் நாம் 'உம்' போட்டுச் சொல்வதைக் கணினியிடம் பல நேரம் 'அல்லது' என்று சொல்ல வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கலை கைவந்துவிடும்.

ஒரு பொருளை ஒரே தலைப்பின் கீழ் அடைக்காமல், பல முகங்களிலிருந்தும் பார்க்கலாம் என்பதை நூலக உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழர். 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன்தான் அவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் புதிய புதிய உருவங்கள் செய்வதைக் கண்டு, நூல்களையும் அப்படி வகைப்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. நாம் ஆண்டு, இயக்குநர், நீளம், நிலை என்று பத்திகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் கேட்பதும் அதே வழிதான்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. வெறுமையாக விட்ட கட்டங்களைப் பற்றியது. எங்கள் நாடாக்களில் சிலவற்றில் ஒட்டிய தாள் உரிந்து போயிருந்தது. பெயர் தெரியாது, ஆண்டு தெரியாது. தெரியாததை ஊகித்து எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டோம். அது சரியே. ஆனால் 1970க்கு முந்திய படங்கள் என்று கேட்டாலும் அவை வரவில்லை. 1970க்குப் பிந்தியவை என்று கேட்டாலும் வரவில்லை. ஆண்டே இல்லாதவற்றை எந்தச் சல்லடையும் பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அவை கிடந்தன.

ஒரு நாள் தங்கச்சி, "வெறுமையாக இருப்பவற்றை மட்டும் காட்டு" என்று கேட்டுப் பார்த்தாள். 14 நாடாக்கள் வந்தன. தெரிந்தவர் ஒருவரிடம் ஓடும் நிலையில் இருந்த வீடியோ பெட்டியை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்பதாவது நாடாவில் யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த ஒரு படம் ஓடி முடிந்தது. மூன்று மணி நேர நாடா. மிச்சமிருந்த இடத்தை வீணாக்காமல் அந்தக் காலத்தில் வேறெதையாவது பதிவு செய்வார்கள். திரை சற்று நேரம் நடுங்கியது. பிறகு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தெரிந்தது.

ஏறக்குறைய பத்து நிமிடம். லயத்து வாசல்களில் மாவிலைத் தோரணம். பிரட்டுக் களத்தில் பந்தல். மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு நடந்து வந்த பாட்டி, கோயில் வாசலில் குடத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, படம் பிடித்தவரைப் பார்த்துச் சொன்னார்: "போதும்பா பிடிச்சது. வந்து சாப்பிடு."

பாட்டி 1994இல் காலமானவர். அவர் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை. அந்த லயங்களும் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. அம்மா நாடாவைத் திருப்பி மறுபடியும் போடச் சொன்னார். சின்னவன் பிறந்த வருடத்துத் திருவிழா என்று அம்மா அடையாளம் சொன்னதால், அந்த நிரையில் 1987 என்று ஆண்டையும் நிரப்பினோம். பெயர்ப் பத்தியில் 'தோட்டத் திருவிழா' என்று எழுதினோம்.

நேயர்களே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாடா இருக்கலாம். நாடா காத்திருக்காது. நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். வி.எச்.எஸ். கருவிகளைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. ஆகவே 'நிலை' என்ற பத்தியைக் கவனமாக நிரப்புங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரியும் நாடாவைக் கருவியில் போடாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். அதைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாக்களைப் படுக்க வைக்காமல், புத்தகம்போல நிறுத்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். குடும்பப் பதிவு உள்ளவற்றை வடிகட்டி எடுத்து, அவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். கடையில் வாங்கும் திரைப்படம் இன்னொரு வீட்டிலும் இருக்கும். உங்கள் பாட்டி உங்கள் வீட்டில் மட்டுமே இருப்பார்.

ஆனால் திரைப்படங்களும் என்றென்றும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. தமிழின் முதல் பேசும் படம் என்று போற்றப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளியானது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. படம் போயிற்று, அதைப் பற்றிய விவரங்கள் பிழைத்தன. விவரங்களைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். தமிழ்ப் படங்களின் பெயர், ஆண்டு, கலைஞர்கள் என்று வாழ்நாள் முழுதும் தொகுத்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது; 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற அவரது பெருநூல் 2004இல் வெளிவந்தது. 2016 மார்ச்சில் அவர் மறைந்தார். தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அந்தத் தொகுப்பை நாடுகிறார்கள். நாட்டுக்கு அவர் செய்ததை நம் வீட்டுக்கு நாம் செய்துகொள்ளலாம்.

முடிக்கும் முன் மூன்று சொற்கள். பட்டியலுக்கு இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று உறவினர் வீட்டில். ஆண்டுக்கு ஒரு முறை தாளிலும் அச்சிட்டு, பெட்டிக்குள் வையுங்கள். இரவல் கொடுக்கும்போது, கொடுத்த நாளையும் பெயரையும் அப்போதே எழுதுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நடுவட்டைத் திருப்பித் தந்தபோது, "கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே" என்றார். எங்களிடம் கணக்கு இல்லாததற்கு அவர் என்ன செய்வார்?

கணினி இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இன்று மாலையே தொடங்கலாம். ஒரு படத்துக்கு ஒரு நிரை. பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். யார் நடித்தது, எந்த ஆண்டு, எந்தக் கொட்டகையில் பார்த்தோம், யாரோடு பார்த்தோம் என்று பேச்சு வளரும். அந்தப் பேச்சில் வருவதையெல்லாம் 'குறிப்பு' என்ற பத்தியில் எழுதி வையுங்கள்.

அந்தப் பத்தியை மட்டும் அகலமாக விடுங்கள்.